பிஸ்டனுக்குள் அண்ணன் எழுதியது

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அண்ணி கேட்டபோது, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். "கோவப்படாம எழுதுங்க தம்பி." முயன்று பார்த்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முப்பது ஆண்டுகள் ஒரே கடையில் அவரோடு நின்றவன் நான். கோபத்தை எடுத்துவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒரு நல்ல மனிதரைப் பற்றிய கட்டுரையாகிவிடுகிறது. ஆகவே வந்தபடியே எழுதுகிறேன். அண்ணி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் நெற்குப்பையில் பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை அவர், கடைசிப் பிள்ளை நான். எங்களுக்குள் பதினோரு வயது வித்தியாசம். மழையை நம்பி விவசாயம் பார்த்த எங்கள் அப்பா, அண்ணன் தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பை முடித்த ஆண்டே காலமானார். குடும்பம் மொத்தமும் அண்ணன் தலையில் இறங்கியது. பம்புசெட் பழுது பார்க்கும் பட்டறையில் சில காலம் வேலை செய்தார். பிறகு மலேசியாவில் காட்டு மரம் வெட்டும் ஒரு கம்பெனிக்குப் போய் ஆறு ஆண்டுகள் இருந்தார்.

அங்கிருந்து மாதம் தவறாமல் கடிதம் வரும். அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். சாப்பாடு எப்படி, உடம்பு எப்படி என்று ஒரு வரி இருக்காது. எந்த மிஷின் நின்றது, ஏன் நின்றது, அதை எப்படி ஓட வைத்தார் என்று இரண்டு பக்கம் இருக்கும். அம்மா பாதியிலேயே, "மிசினு கெடக்கட்டும்டா, எம்புள்ள நல்லா இருக்கானா இல்லையா, அதச் சொல்லு" என்பார்கள். கடிதத்தில் இல்லாததை நான் எங்கே போய்ச் சொல்வது? நல்லா இருக்காராம் என்று நானே சேர்த்துப் படிப்பேன். அவர் விஷயத்தில் எனக்கு முதல் எரிச்சல் அப்போது வந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஊர் திரும்பியபோது அவர் பெட்டியைச் சுற்றி உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசனை சோப்பும் தைலமும் வரும் என்று எல்லோருக்கும் ஆசை. திறந்தால் கைலிகளுக்குள் சுற்றிவைத்த ஸ்பேனர்களும், ஒரு பழைய மரமறுக்கும் மிஷினும் இருந்தன. அன்று முகம் வாடிப்போன அத்தை ஒருவர் இந்த மலரையும் வாங்கிப் படிப்பார்கள். அவர்களுக்குத் தாமதமாக என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

காரைக்குடியில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் அண்ணன் கடை போட்டார். படிப்பை முடித்ததும் நானும் போய்ச் சேர்ந்தேன். செயின்சா என்கிற மரமறுக்கும் மிஷினைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அப்போது இந்தப் பக்கத்தில் குறைவு. கண்மாயெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற மாவட்டத்தில் வேலைக்கா பஞ்சம்? அண்ணி வந்தார்கள், மகள் பிறந்தாள், அவள் படித்து இன்று அரசுப் பள்ளியில் ஆசிரியை. எல்லாம் அந்தக் கடையிலிருந்து வந்தது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

என் புகார் ஒன்றே ஒன்றுதான். ஒரு எஞ்சின் ஏன் நின்றது என்று தெரியாமல் அதை மூடிக் கொடுக்க மாட்டார்.

பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரை நாங்கள் 'போர்' என்போம். பிஸ்டன் இறுகி நின்ற மிஷின் வந்தால், முதலில் சைலன்சரைக் கழற்றி அந்த வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மழமழவென்று இருக்க வேண்டிய பிஸ்டனில் மேலும் கீழுமாகக் கோடு விழுந்திருக்கும். எனக்கு அது போதும். பிஸ்டனும் போரும் போச்சு, புதுசு வாங்கிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினைப் பார்ப்பேன். அண்ணனுக்கு அது ஆரம்பம்தான். கோடு சைலன்சர் பக்கம் மட்டும் இருந்தால், எங்கோ காற்று ஒழுகி எஞ்சின் சூடேறியிருக்கிறது. கார்பரேட்டர் பக்கம் இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. இந்த எஞ்சினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும்; நாலா பக்கமும் கோடு இருந்தால் ஆயிலே கலக்கவில்லை. இப்படி அவர் துருவிக்கொண்டிருக்கும் நேரத்தில் மிஷின்காரர் வாசலில் நின்று என்னைத்தான் முறைப்பார்.

"அண்ணே, புதுசப் போட்டுக் குடுத்துருவோம். ஆளு காத்துக்கிட்டு இருக்காரு" என்பேன்.

"பழசு எதுல செத்துச்சுன்னு தெரியாமப் புதுசப் போட்டா, அதுவும் அதுலயேதான் சாகும். அங்குட்டு உக்காரச் சொல்லு" என்பார்.

மிஷின்காரரிடம் அவர் போடும் விசாரணை அதைவிடக் கொடுமை. பெட்ரோல் எங்கே வாங்கினீக, யாரு கலந்தது, எதுல அளந்தீக, எந்தக் கண்மாயில வெட்டுனீக? சிலர் கோபித்துக்கொண்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களைச் சமாதானம் செய்ய பஸ் ஏறி கிராமம் கிராமமாகப் போனவன் நான்.

காரணம் தெரிந்த பிறகாவது விட்டாரா? செத்த பிஸ்டனைக் கழுவித் துடைத்து, அதன் உள்பக்கத்தில் அழியாத மார்க்கர் பேனாவால் காரணத்தை எழுதுவார். 'பில்டர் கிழிசல்.' 'சீல் வழியாகக் காற்று.' 'ஆயில் இல்லை.' பிறகு பின் போடுகிற ஓட்டை வழியாக ஒரு கட்டுக்கம்பியில் கோத்துச் சுவரில் மாட்டுவார். அந்தப் பிஸ்டன் மாலை வருடா வருடம் நீண்டு, கடைக்குள் மூன்று சுவரையும் சுற்றி வந்துவிட்டது. ஒட்டடை அடிக்க முடியாது, காலண்டர் மாட்ட முடியாது. பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் நான் கெஞ்சியிருக்கிறேன். தொடவிட்டதில்லை.

அவருடைய இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பழுது பார்த்த மிஷினைக் காலி டேங்கோடு கொடுக்க மாட்டார். ஆயில் கலந்த பெட்ரோலை ரொப்பித்தான் அனுப்புவார். வீட்டுக்கு வந்தவரைப் பட்டினியாகவா அனுப்புவது என்று கேட்பார். கடையில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கேன்கள் இருந்தன. ஒன்றில் ஆயில் கலந்த பெட்ரோல், மற்றொன்றில் சாமான் கழுவுகிற வெறும் பெட்ரோல். கலந்த கேனின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். இரண்டுக்கும் அடையாளம் அது மட்டும்தான்.

அண்ணன் மறைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெள்ளைச்சாமியின் மிஷின் வேலைக்கு வந்தது. வெள்ளைச்சாமி கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர். ஒரே ஒரு மிஷின், அதை நம்பி நாலு பேர் சாப்பிடும் வீடு. சின்ன வேலைதான். முடித்துக் கொடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்கும் முன்பே வந்து, அண்ணன் கையால் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மதியம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

அண்ணன் சைலன்சரைக் கழற்றினார். டார்ச் அடித்தார். பிறகு போரையே தனியாகக் கழற்றிப் பிஸ்டனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலா பக்கமும் கோடு.

"பெட்ரோலு எங்க ஊத்துனீக?" என்று கேட்டார்.

"நீங்க ரொப்பிக் குடுத்ததுதான், பெரியவரே. அதுக்கு மேல நான் ஒரு சொட்டு ஊத்தல. அதுவே தீரலையே!"

அண்ணன் டேங்கைத் திறந்து முகர்ந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். என் கண் ஒரு கணம் கேன்கள் பக்கம் போனது. சனிக்கிழமை அந்த டேங்கை ரொப்பியது நான். அதற்குள் அண்ணன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"காலையில பாத்தா டேங்கு பாதிதான் இருந்துச்சு. மீதிய நான்தான் ஊத்துனேன். கழுவுற கேன எடுத்துட்டேன் போல. என் தப்புத்தான் வெள்ளைச்சாமி. சரி பண்ணித் தாரேன்."

நான் டேங்கை ரொப்பினேனா, பாதியில் விட்டேனா என்று யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கேன்களிலிருந்து கண்ணை எடுத்தேன், உடனே கோபம் வந்தது. வெள்ளைச்சாமியின் முன்னாலேயே கேட்டேன்: "என்னண்ணே, கண்ணு தெரியலையா? சிவப்புத் துணி கட்டியிருக்குல்ல?" அண்ணன் பிஸ்டனைக் கழுவத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. புதுப் பிஸ்டனும் ரிங்கும் கடையில் இருந்தன; புது போர் மட்டும் மதுரையிலிருந்து வர பத்து நாள் ஆகும். அதுவரை வெள்ளைச்சாமிக்குப் பிழைப்பு இல்லை. பழைய போரையே மீட்க முடியுமா என்று அண்ணன் உட்கார்ந்துவிட்டார். கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தார். நகம் ஏதோ பள்ளத்தில் இறங்கி மாட்டினால் உள்பூச்சு போய்விட்டது, அந்தப் போர் குப்பைக்கு. நகம் மேடேறித் தாண்டினால், ஒட்டியிருப்பது உருகிய பிஸ்டனின் அலுமினியம். அதை எடுத்துவிடலாம். என் நகத்தையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். மேடுதான்.

பக்கத்துக் கடை ஜமால் பாய் இரும்புச் சாமான் வியாபாரம் செய்பவர். அவரிடம் கழிவறை கழுவுகிற ஆசிட் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். காது குடைகிற பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, கோட்டின் மேல் மட்டும் தொட்டு வைத்தார் அண்ணன். அலுமினியம் இருக்கிற இடத்தில் நுரை பொங்கும். பொங்கியதும் தண்ணீரில் கழுவ வேண்டும். மறுபடி ஒரு தொடல், மறுபடி ஒரு கழுவல். போரில் பெட்ரோல் வந்து போகிற வாய்களின் ஓரம் வெறும் அலுமினியம் என்பதால் அங்கே ஒரு சொட்டுப் பட்டாலும் அரித்துவிடும். முழுதாக இரண்டு நாள் இதுவே வேலை. நுரை நின்ற பிறகு சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, நைஸ் எமரித் தாளை ஆயிலில் தொட்டுக் குறுக்கும் மறுக்குமாகத் தேய்த்தார். பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற புது ரிங்கைப் போருக்குள் வைத்து இடைவெளி பார்த்தார். காரணம் கேன்தான் என்று சொன்ன மனிதர், வேறெங்கும் காற்று ஒழுகவில்லையே என்று சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்த்தார். புதுப் பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சரைப் பார்க்கிறதா என்று மூன்று முறை பார்த்தார்.

"ஒரு தப்புக்கு இவ்வளவு பிராயச்சித்தமா?" என்று நான் கேட்டேன்.

"சோப்பு டப்பாவ இங்குட்டுத் தள்ளு" என்றார்.

ஐந்தாம் நாள் காலை மிஷின் ஒரே இழுப்பில் பிடித்தது. வெள்ளைச்சாமி சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். ஆனால் ஊரில் பேச்சு அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. பெரியவருக்குக் கண்ணு மங்கிருச்சாம், கை தடுமாறுதாம். டீக்கடையிலிருந்து மரக்கடைக்கும் அங்கிருந்து கிராமங்களுக்கும் அது போனது. "சின்னவரே, நீங்களே பாத்துக் குடுங்க" என்று மிஷினை என் பக்கம் இறக்க ஆரம்பித்தார்கள். சிலர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன்? ஆட்கள் நிறைந்த கடையில், "இனிமே நீங்க பெட்ரோல் கேனைத் தொடாதீக" என்று அண்ணனிடம் சொன்னேன்.

அவர் தொடவில்லை. சாகும்வரை தொடவில்லை. மிஷின் தயாரானால், "தம்பி, கொஞ்சம் ஊத்திக் குடுப்பா" என்று கூப்பிடுவார். நான் ஊற்றும்போது பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். "எந்தக் கேனு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எனக்குக் கண்ணு நல்லாத்தாண்ணே இருக்கு" என்பேன். சரி சரி என்று போவார். மறுநாளும் அதையே கேட்பார்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. மேசையில் ஒரு எஞ்சின் திறந்து கிடந்தது. அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று பத்து நிமிடம் சண்டை போட்டார். ஜமால் பாய் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, நானும் அவருமாகத் தூக்கித்தான் ஏற்றினோம். வழியில் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏதோ முக்கியமானதைச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். "அந்த எஞ்சினு வாயில துணி அடச்சு வையி. தூசி எறங்கிரும்" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. மறுநாள் மருத்துவமனையில் அண்ணன் எங்களை விட்டுப் போனார்.

துக்கத்துக்கு வந்த ஒருவர், ஊர் எஞ்சினையெல்லாம் பார்த்தவர் தன் எஞ்சினைப் பார்க்காமல் விட்டுவிட்டாரே என்றார். யாரென்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து வேறு எந்தத் துக்க வீட்டிலும் சொல்ல வேண்டாம்.

இனி நான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதற்கான காரணத்துக்கு வருகிறேன். போன மாதம், நினைவு நாளுக்கு முன் கடைக்கு வெள்ளையடிக்கலாம் என்று அந்தப் பிஸ்டன் மாலையைக் கழற்றினேன். இத்தனை வருட ஆசை. ஒவ்வொன்றாக உருவிச் சாக்கில் போடும்போது, உள்ளே எழுதியிருப்பதைப் படிக்காமல் போட முடியவில்லை. வெள்ளைச்சாமியின் பிஸ்டனும் வந்தது. நாலா பக்கமும் கோடு, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே அண்ணனின் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: 'ஆயில் இல்லை. கேன் மாறியது. நான் கண்டரமாணிக்கம் போன அன்று.'

அண்ணன் கண்டரமாணிக்கம் போனது அந்தச் சனிக்கிழமை. அண்ணியின் சொந்தத்தில் ஒரு காது குத்து. காலை பஸ்ஸில் போனவர்கள் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்பினார்கள். வெள்ளைச்சாமி மிஷினுக்கு டேங்கை ரொப்பி வை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்று முழுவதும் கடையில் நான் ஒருவன்தான்.

சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அன்று ஒரு சைலன்சர் கையைச் சுட்டது. அதைப் பிடிக்க, கேனில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தேன். பிறகு துணியை மேசையில் எறிந்துவிட்டு, கைக்கு வந்த கேனைத் தூக்கி டேங்கை நிரப்பினேன். பாதி அல்ல, கழுத்து வரை. மறுநாள் வெள்ளைச்சாமி மிஷினை வாங்கிப் போன பிறகு, "துணி ஏன்டா மேசையில கெடக்கு?" என்று அண்ணன் கேட்டார். கேட்டுக்கொண்டே எடுத்துக் கட்டினார். நான் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு கணம் என் கண் கேன்கள் பக்கம் போனதை முன்பே எழுதிவிட்டேன். எனக்குப் பாதி தெரியும். அண்ணன் நீட்டிய பொய்யை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளைச்சாமியிடம் பொய் சொன்னவர், பிஸ்டனில் பொய் எழுத மாட்டேன் என்றிருக்கிறார். அதிலும் என் பெயரை எழுதவில்லை. தான் எங்கே போயிருந்தார் என்பதை மட்டும் எழுதியிருக்கிறார். இரண்டு வருடம் ஊர் அவரைக் கண் தெரியாதவர் என்றது. தவறு செய்த நானே அவரை அதட்டி உட்கார வைத்தேன். அவர் என் பக்கத்தில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் இப்போது வழியில்லை. அண்ணி, மன்னிக்க வேண்டும். இந்தக் கோபம் எனக்கு ஆறாது.

போன வாரம் வெள்ளைச்சாமியைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த மிஷினைக் கீழே வைத்தார். பிறகு, "அவுக கேன மாத்தி எடுக்குற ஆளான்னு எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா அவுகளே சொன்னாகளே! ஊரெல்லாம் சொல்லிட்டேனே சின்னவரே. இப்ப யாரு யாருகிட்டப் போயி மாத்திச் சொல்லுவேன்?" என்று என்னையே கேட்டார்.

அந்தப் பொறுப்பு என்னுடையது. அதற்கு முன் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாளில் கார் கொண்டுவந்து, மருத்துவமனை வாசலில் எங்களோடு இரண்டு நாள் நின்ற ஜமால் பாய்க்கும், சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொடுத்த நெற்குப்பை, கண்டரமாணிக்கம் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனின் தகனத்துக்கு யாரும் கேட்காமலே விறகு கொண்டுவந்து இறக்கியவர் வெள்ளைச்சாமி. அவர் மிஷினில் இன்றும் ஓடுவது அண்ணன் நாலு நாள் உட்கார்ந்து மீட்ட அதே போர்தான். அந்த விறகும் அதில்தான் அறுபட்டது.

பிஸ்டன் மாலையைத் திரும்பக் கோத்து மாட்டிவிட்டேன். கடைக்கு வெள்ளையடிக்கவில்லை. வெள்ளைச்சாமியின் பிஸ்டனில் அண்ணன் எழுதியதற்குக் கீழே, 'ஊற்றியது தம்பி' என்று அதே மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன்.

இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசிக் காலத்தில் அண்ணனுக்குக் கண் மங்கி, கை தவறிவிட்டது என்று எங்காவது யாராவது பேசினால், அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். கேனை மாற்றி எடுத்தது தம்பி என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அண்ணனின் கை கடைசி நாள்வரை தவறவே இல்லை.